வினா நீங்கிய கதை: நேர்காணல் தரவும் எடுத்துரைப்பும்

பண்புசார் ஆய்வேடுகளில் நேர்காணல் தரவுகளைக் கருப்பொருள் வாரியாகப் பகுத்து, ஒவ்வொரு கூற்றின் கீழும் தகவலாளியின் எண்ணைக் குறிப்பது நெடுநாள் வழக்கம். அவ்வாறு பகுக்கும்போது ஒரு பெண்ணின் வாழ்க்கை 'குடும்பம்', 'தொழில்', 'கல்வி' என மூன்று இயல்களில் சிதறிவிடுகிறது. எதனை அடுத்து எதனைச் சொன்னார் என்பது வாசகர்க்குத் தெரிவதில்லை. இக்குறையைக் களையவே கதையாக எடுத்துரைக்கும் முறை நாடப்படுகிறது. ஆயினும் தரவு கதையாகும்போது முதலில் மறைவது ஆய்வாளரின் வினா.

மெக்சிகோ நகரக் குடியிருப்பொன்றில் வாழ்ந்த ஏழைக் குடும்பத்தாரின் பேச்சை ஒலிப்பதிவு செய்த ஆஸ்கார் லூயிஸ், 1961-இல் 'சாஞ்செஸின் பிள்ளைகள்' நூலை வெளியிட்டார். சாஞ்செஸ் என்பது அக்குடும்பத்திற்கு அவர் இட்ட மாற்றுப்பெயர். தந்தையின் கூற்று முகப்பிலும் இறுதியிலும் நிற்க, இடையில் நான்கு பிள்ளைகளும் மாறி மாறித் தன்மையிடத்தில் பேசுகின்றனர். ஒரே நிகழ்ச்சி ஒருவர் வாயில் ஒருவகையாகவும் மற்றவர் வாயில் வேறுவகையாகவும் வருகிறது. அம்முரண்களை லூயிஸ் தீர்த்துவைக்கவில்லை. நூலின் வலிமையே அதுதான். தம் வினாக்களை நீக்கியதையும், கூற்றுகளைத் தெரிந்து வரிசைப்படுத்தியதையும் அவர் முன்னுரையில் மறைக்காமல் கூறுகிறார். எனினும் எவ்விடத்தில் எவ்வினா இருந்தது என்பதை நூலைக்கொண்டு அறிய இயலாது. ஸ்பானியப் பதிப்பு வெளிவந்தபின், அது நாட்டை இழிவுபடுத்துவதாக 1965-இல் மெக்சிகோவில் புகார் எழுந்தது. நூலின் சொற்கள் யாருடையவை என்னும் ஐயம் எழும் அத்தகைய வேளையில் முன்னுரையின் ஒரு வாக்கியம் போதுமான விடையன்று.

தமிழ்க் களஆய்வில் இச்சிக்கல் இன்னும் நுட்பமானது. "வறுமையினால்தானே படிப்பை விட்டீர்கள்?" என்று ஆய்வாளர் கேட்க, தகவலாளி "ஆமாங்க" என்கிறார் எனக் கொள்ளலாம். வினாவை நீக்கி எழுதினால், "வறுமையினால் நான் படிப்பை விட்டேன்" என்றாகிறது. தகவலாளியின் வாயிலிருந்து வராத 'வறுமை' என்னும் சொல் அவருடைய தன்கூற்றாகிவிடுகிறது. அந்த 'ங்க'வும் போய்விடுகிறது. கேட்டவர் யார், எவ்வளவு தொலைவில் வைத்து மதிக்கப்பட்டார், எதற்காக மறுக்கப்படாமல் விடப்பட்டார் என்பதற்கெல்லாம் அச்சிறு ஒட்டே சான்று. 'போனேனுங்க' என்பதைச் 'சென்றேன்' எனத் திருத்துவது எழுத்துநடைச் சீர்மை என்றே பலரும் கருதுகின்றனர். அது தரவை அழிக்கும் செயல். ஆய்வேட்டை ஒருபோதும் படிக்கப்போகாத ஒருவர் அதை மறுத்துரைக்கவும் வழியில்லை.

புதுச்சேரிப் பகுதி வேளாண் கூலித்தொழிலாளியான வீரம்மா தமிழில் ஜோசியான் ரசீனிடம் சொன்ன வாழ்க்கை, 1995-இல் பிரெஞ்சிலும் 1997-இல் ஆங்கிலத்திலும் நூலாயிற்று. நூலாசிரியர் வரிசையில் முதலில் நிற்பது வீரம்மாவின் பெயர். தகவலாளிக்கு எண் இடும் வழக்கத்தோடு ஒப்பிட, இது பெரிய மாற்றம். ஆனால் 'நீ', 'நீங்க' என்னும் வேறுபாடு பிரெஞ்சில் ஓரளவு நிற்கும்; ஆங்கிலத்தில் நில்லாது. வினைமுற்றின் ஈற்றில் ஒட்டும் 'ங்க' இரண்டிலுமே நிற்க இடமில்லை.