சேர், ஏன் ஓடுறீங்க?



ஆறு மாதமாக இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிக் களைத்துவிட்டேன். ஸுபஹ் தொழுதுவிட்டு ஓட்டமாவடிப் பாலத்தில் ஓடும்போது, மீன் வாங்கப் போகிறவர்கள் மோட்டார் சைக்கிளை நிறுத்தி "சேர், ஏறுங்க, கொண்டுபோய் விடுறன்" என்கிறார்கள். ஒருவர் பதறிப்போய் "யாரும் மௌத்தா சேர்?" என்று கேட்டார். எல்லோருக்கும் சேர்த்து ஒரே தடவையில் எழுதிவிடுகிறேன்.

ஜனவரியில் கிளினிக்கில் சாப்பிடாமல் எடுத்த சீனி 138. 126ஐத் தாண்டினால் வருத்தம் என்று கணக்கு. திரும்பவும் எடுத்தார்கள், 141. எனக்கு வயது 46. வாப்பாவுக்கும் இதே வருத்தம்தான். கால் பெருவிரலில் ஒரு சின்னப் புண்ணாகத் தொடங்கி, கடைசியில் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். நான்கு வருடம் ஜும்ஆவுக்கு அவரைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு போனவன் நான். அந்தத் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு நான் பார்த்தது என் கால்களைத்தான்.

டொக்டர் மாத்திரை எழுதினார். ஈ.சி.ஜி. எடுத்துப் பார்த்தார். வாரத்துக்கு 150 நிமிடமாவது வேகமாக நடங்க என்றார். கணக்குப் பாடம் படிப்பிக்கிறவன் அல்லவா, கொப்பி போட்டு நிமிடம் எழுதினேன். மூன்றாம் வாரமே சலித்துவிட்டது. 150 நிமிடம் என்பது மருந்துக் கணக்கு. அதற்காக அதிகாலையில் திரும்பப் படுக்காமல் இருக்க நப்ஸ் விடவில்லை.

அப்போதுதான் மகனின் போனில் ட்ரையத்லன் பார்த்தேன். முதலில் நீச்சல், பிறகு சைக்கிள், பிறகு ஓட்டம். இடையில் நிற்காமல் ஒரே மூச்சில். 2000ஆம் ஆண்டு சிட்னியிலிருந்து ஒலிம்பிக்கில் இருக்கிறது. 2018இல் கொழும்பிலேயே பெரிய போட்டி ஒன்று நடந்திருக்கிறது: 1.9 கிலோமீட்டர் நீச்சல், 90 சைக்கிள், 21.1 ஓட்டம். அது எனக்கில்லை. ஆனால் ஸ்பிரின்ட் என்று சின்ன அளவு ஒன்று இருக்கிறது: 750 மீட்டர் நீச்சல், 20 கிலோமீட்டர் சைக்கிள், 5 கிலோமீட்டர் ஓட்டம். அதைக் கொப்பியின் முதல் பக்கத்தில் எழுதினேன். பக்கத்தில் "1 மணி 45 நிமிடம்" என்றும் எழுதினேன். அதுதான் நான் விட்ட பிழை.

ஓட்டம் தொடங்கியது ஒரு நிமிடம் ஓடி இரண்டு நிமிடம் நடந்து. ஓடிக்கொண்டே ஒரு வசனம் பேச முடிய வேண்டும், முடியாவிட்டால் வேகம் கூடிவிட்டது என்று அர்த்தம். நன்றாகத்தான் போனது. பிறகு அந்த 1.45ஐ நினைத்து ஒரு வாரத்தில் தூரத்தை இரட்டிப்பாக்கினேன். முழங்கால் வீங்கி, இரண்டு வாரம் படியேற முடியாமல் வகுப்புக்குக் கீழேயே நின்றேன். ஸ்டாஃப் ரூமில் சிரிப்புத் தாங்க முடியவில்லை. நேரத்தை வெட்டிவிட்டேன். தூரம் மட்டும் இருக்கிறது. நோன்பில் தராவீஹுக்குப் பிறகு நடை மட்டும்தான்.

இன்னொன்று: பழைய செருப்போடு ஓடிக் காலில் கொப்பளம் வந்தது. சீனி உள்ளவனுக்கு அது விளையாட்டில்லை. முதல் செலவு சப்பாத்துக்குத்தான். இப்போதும் ஓடி வந்தவுடன் விரல் இடுக்கெல்லாம் பார்ப்பேன்.

சைக்கிள் மகனின் பழைய லுமாலா. இருக்கையை உயர்த்திய பிறகுதான் முழங்கால் நோவு குறைந்தது. மிதி கீழே போகும்போது கால் ஏறக்குறைய நீள வேண்டும், நாம் எல்லோரும் பதிவாக வைத்து ஓட்டிப் பழகிவிட்டோம். பொலன்னறுவை வீதியில் 10 கிலோமீட்டர் போய்த் திரும்புவேன், நன்றாக விடிந்த பிறகுதான். புணானைப் பக்கம் யானையோடு போட்டி வைக்க முடியாது. சைக்கிளால் இறங்கி ஓடத் தொடங்கும் முதல் ஐந்து நிமிடம் கால் வேறு யாருடையதோ போல இருக்கும். அதையும் பழக வேண்டுமாம்.

நீச்சல்தான் கதை.

2004 டிசம்பர் 26. கல்குடாக் கரையில் உடல்களைத் தூக்கியவர்களில் நானும் ஒருவன். எந்த ஊர், எந்தச் சமயம் என்று அன்று யாரும் பார்க்கவில்லை. ஒரு சிறு பிள்ளையின் கையில் கறுப்புக் கயிறு கட்டியிருந்தது. அதற்கு மேல் எழுத மாட்டேன். அதற்குப் பிறகு 20 வருடம் நான் கடலில் முழங்காலுக்கு மேல் இறங்கியதில்லை. பிள்ளைகளைப் பாசிக்குடாவுக்குக் கூட்டிப்போனால் நான் உடுப்புக் காவல். மனைவிக்குக்கூட காரணம் சொல்லவில்லை. "உப்புத் தண்ணி ஒத்துக்கொள்ளாது" என்பேன்.

பெருநாளுக்குப் பிறகு, கடல் அமைதியான காலத்தில், கல்குடாவில் மீன்பிடித்த ஒரு தமிழ் அண்ணனிடம் போனேன். அன்று உடல் தூக்கும்போது மறுமுனையைப் பிடித்தவர். ஏன் இத்தனை வருடம் இறங்கவில்லை என்று அவர் கேட்கவில்லை. பாசிக்குடாவில் வெகுதூரம் நடந்து போனாலும் நெஞ்சளவுதான் தண்ணீர். முதல் நாள் இடுப்பளவில் நின்று நடுங்கினேன். அவர் பக்கத்தில் நின்றார், அவ்வளவுதான். வீடு திரும்பினோம்.

"சேர், கடலோட சண்டை புடிக்காதீங்க. மூச்ச வெளிய விடுங்க" என்பார். பயந்தவன் மூச்சை அடக்குவான், தலையைத் தூக்குவான். தலை மேலே வந்தால் கால் தாழும். முகத்தைத் தண்ணீருக்குள் வைத்து மெதுவாக ஊதப் பழகவே மூன்று வாரம் போனது. கரைக்குச் சமாந்தரமாக மட்டும் நீந்துவோம், தனியே ஒரு நாளும் இல்லை. முதலில் 10 மீட்டர். இப்போது நிற்காமல் 320.

சென்ற மாதச் சீனி 112. மாத்திரையோடுதான், யாரும் என்னைப் பார்த்து மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள்.

ஒரு சகோதரி உள்பெட்டியில் கேட்டிருந்தார்: "ஆண்கள் பாலத்தில் ஓடுறீங்க, நாங்க எங்க நடக்கிற?" என்னிடம் பதில் இல்லை. நபி (ஸல்) அவர்கள் ஆயிஷா நாயகி (ரழி) அவர்களோடு ஓட்டப்பந்தயம் ஓடிய ஹதீஸை நாம் மேடையில் சொல்கிறோம். கிளினிக் வரிசையில் பாதிக்கு மேல் நம் பெண்கள்தான் நிற்கிறார்கள். பாடசாலை மைதானத்தை அஸருக்குப் பிறகு வாரத்தில் மூன்று நாள் பெண்களுக்கு மட்டும் திறந்துவிட என்ன தடை? பொறுப்பானவர்கள் இதை வாசிப்பீர்கள் என்று நினைக்கிறேன்.

வாடை மழை தொடங்கினால் கடல் மாறிவிடும். அதற்கு முன், இன்ஷா அல்லாஹ், ஒரு சனிக்கிழமை காலை பாசிக்குடாவில் மூன்றையும் சேர்த்து முடிக்க வேண்டும். அண்ணன் தோணியில் பக்கத்தில் வருவதாகச் சொல்லியிருக்கிறார். இன்னும் 430 மீட்டர் பாக்கி.

சைக்கிள் ஓட மட்டும் விருப்பமுள்ளவர்கள் இந்தச் சனிக்கிழமை விடிந்ததும் பாலத்தடிக்கு வாருங்கள். பிரேக்கைப் பார்த்துக்கொண்டு வாருங்கள். மாத்திரை குடிக்கிறவர்கள் சட்டைப்பையில் இரண்டு டொபி வைத்துக்கொள்ளுங்கள்.