சாமைக் கொல்லியும் சேயாற்றுத் தண்ணியும்

பத்து நாளா எதுவும் எழுதல. மல்லாட்டை பிடுங்குற வேலை. போன சனிக்கிழமை மெட்ராஸ்ல இருந்து பையன் காரோட வந்தான். "அப்பா, ரெண்டு நாள் எங்கியாவது போலாம்"னான். எதுக்குன்னு எனக்குத் தெரியும். கிரிவலம் வர்ற கூட்டம் பெருகப் பெருக எங்க பக்கமும் கழனியெல்லாம் பிளாட்டாகுது. நம்ம ஒண்ணே முக்கா ஏக்கருக்கும் ஒருத்தர் விலை கேட்டுட்டுப் போயிருக்கார். போர் போட்ட கடன் இன்னும் இருக்கு. அதைப் பேசத்தான் வந்திருக்கான்.

"ஜவ்வாது மலைக்குப் போலாம்"னு சொன்னேன். வருசா வருசம் எங்க வீட்டுக்குப் புளி கொண்டாந்து கொடுக்கிற மலைக்காரர் ஒருத்தர் ரொம்ப நாளா கூப்பிட்டுட்டு இருந்தார்.

போளூர்ல டீ குடிச்சிட்டு, அத்திமூர் தாண்டினா மலைப்பாதை. ஐப்பசி மழை விட்டு விட்டுப் பெய்யுது. வளைவுக்கு வளைவு பாறையில இருந்து தண்ணி வடியுது. செல்போன்ல சிக்னல் போச்சு. பையன் முதல்ல தவிச்சான், அப்புறம் ஜன்னலை இறக்கிட்டுப் பேசாம ஓட்டினான்.

ஜமுனாமரத்தூர் தாண்டிக் கொஞ்ச தூரத்துல அவர் ஊரு. அங்க இருக்கிற ஜனங்களை மலையாளின்னு சொல்லுவாங்க. கேரளாக்காரங்கன்னு நினைச்சுடாதீங்க. மலையை ஆள்றவங்கன்னு அர்த்தம் சொல்றாங்க. பேசுறது தமிழ்தான். முன்னோர் காஞ்சிபுரத்துல இருந்து மலையேறினாங்கன்னு அவங்களே கதை சொல்லுவாங்க.

வீட்டைச் சுத்தி சாமைக் கொல்லி. கதிர் பாரம் தாங்காம சாஞ்சு நிக்குது. உரம் இல்ல, மருந்து இல்ல, மழையை நம்பி விதைச்சது. எங்க அப்பா காலத்துல நாங்களும் சாமை, கேழ்வரகு போட்டவங்கதான். போர் வந்ததும் நெல்லு, கரும்புன்னு மாறினோம். தண்ணி கீழ போச்சு, கடன் மேல வந்தது.

ராத்திரி அவர் சம்சாரம் சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும் வெச்சாங்க. "உமி ஒட்டிட்டே இருக்கும்ணா, குத்திக் குத்திக் கை காய்ச்சுப் போச்சு. இப்பத்தான் மிஷின் வந்திருக்கு"ன்னாங்க.

வெளியில உக்காந்து பேசினப்போ அவர் மெதுவா 2015 ஏப்ரல் 7-ஐச் சொன்னார். அன்னிக்கு ஆந்திராவுல சேஷாசலம் காட்டுல செம்மரம் வெட்ட வந்தாங்கன்னு 20 பேரைப் போலீஸ் சுட்டுது. அதுல நம்ம மாவட்டத்துக்காரங்க பலர், இந்த மலைக்காரங்களும் இருந்தாங்க. "சாமைக்கு நல்ல விலை கெடச்சிருந்தா எவன் கூலிக்கு அந்தக் காட்டுக்குப் போவான்?"னு கேட்டார். நானும் பையனும் வாயே தொறக்கல.

மறுநாள் காவலூர் வழியா இறங்கினோம். அங்க வைணு பாப்பு வானாய்வகம் இருக்கு. யுரேனஸ் கிரகத்துக்கு வளையம் இருக்கிறதை 1977-ல இங்கிருந்தும் பார்த்துப் பதிவு பண்ணினாங்க. ஊர் வெளிச்சம் எட்டாத இருட்டு வேணும்னுதான் இந்த எடத்தைப் புடிச்சிருக்காங்க. பிளாட் போட்டா அந்த இருட்டும் போயிடும்.

திரும்பி வர்றப்போ கலசபாக்கத்துல சேயாத்துப் பாலத்தோரம் வண்டியை நிறுத்தினான். செங்கலா தண்ணி ஓடுது. "இந்த ஆறு எங்கப்பா பொறக்குது?"ன்னான். "நேத்து நாம தூங்கினோமே, அந்த மலையிலதான்"னேன். நம்ம கிணத்துல ஊறுறதும் இந்தத் தண்ணிதான்னு சொன்னதும் ரொம்ப நேரம் பார்த்துட்டே நின்னான்.

வீட்டு வாசல்ல இறங்கினப்போ சொன்னான்: "விலை கேட்டவருக்குப் பொங்கல் வரைக்கும் ஒண்ணும் சொல்லாதீங்க. போர் கடன்ல இந்த மாசத் தவணையை நான் கட்டுறேன்."

விக்க மாட்டேன்னு அவன் சொல்லல. நானும் சத்தியம் பண்ணல. வாங்கியாந்த சாமையில ரெண்டு படி மட்டும் குத்தாம விதைக்கு எடுத்து வெச்சிருக்கேன். ஆடியில கொல்லி மேட்டுல அரை ஏக்கர் போட்டுப் பார்க்கணும்.

நீங்களும் ஒரு தடவை போயிட்டு வாங்க. போளூர்லயே பெட்ரோல் போட்டுக்குங்க. குப்பையை மலையில போடாதீங்க. வர்றப்போ ரெண்டு கிலோ சாமை வாங்குங்க, பேரம் பேசாம.