சிவப்பரிசியின் சாயம்

லேக் மார்க்கெட் என்றால் என்ன என்று நம் சங்கத்து நண்பர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. காப்பிப்பொடி, அப்பளம், கூடவே நாலு வார்த்தை தமிழ்! சென்ற மாதம் எனக்கு அங்கே ஒரு வழக்கே கிடைத்தது.

மாப்பிள்ளைச் சம்பா அரிசி வாங்கிப்போன அம்மாள் ஒருவர் அதைத் திருப்பிக் கொண்டுவந்திருந்தார். "களைஞ்ச ஜலமெல்லாம் சிவப்பு, உடைச்சுப் பார்த்தா உள்ளே வெள்ளை. சாயம் போட்டு விக்கறேளா?" கடைக்கார மாமாவின் முகம் சிறுத்துவிட்டது. "ஏண்டா அம்பி, நீ செடிகொடி படிக்கிறவனாச்சே, சொல்லேன்!" என்று என்னைச் சாட்சிக்கு இழுத்தார்.

"சாயம்தான் மாமி, ஆனால் போட்டது நெற்பயிர்" என்றேன். அது டானின் என்னும் பொருள். பாக்கின் துவர்ப்புக்கு உறவு. அரிசியின் மேல்தோலில்தான் படியும். நன்றாகத் தீட்டினால் தவிட்டோடு போய்விடும்.

"அப்போ எல்லா அரிசியும் சிவப்பா இருக்கணுமே?" என்றார். எங்கள் பேராசிரியர்கூட இவ்வளவு நேராகக் கேட்டதில்லை!

ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்தது. நம் நெல்லின் மூதாதையான காட்டு நெல் இன்றும் சிவப்பே. ஏழாவது குரோமோசோமில் 'ஆர்.சி.' என்று ஒரு ஜீன் உண்டு. அது தானே சாயம் காய்ச்சாது. காய்ச்சும் ஜீன்களை வேலைக்கு ஏவும் மேஸ்திரி அது. எப்போதோ ஒரு பயிரில் அதன் 14 எழுத்துக்கள் உதிர்ந்தன. மேஸ்திரி ஊமையானான், பட்டறை நின்றது. 2006-இல் இதைக் கண்டறிந்தவர்கள் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தார். வெள்ளை ரகங்களுள் 100-க்கு 97-க்கும் மேற்பட்டவற்றில் இதே உதிர்வு இருப்பது மறு ஆண்டு தெரிந்தது. ஓரிடத்தில் நேர்ந்த பிசகை ஆசியா முழுதும் பரப்பியவை உழவரின் கைகளே.

மாமி பையை எடுத்துக்கொண்டு போனார். மாமா எனக்கு இரண்டு அப்பளக் கட்டு இனாம் தந்தார். சாட்சிக்குக் கூலி வாங்கலாமா என்பதை நண்பர்கள் முடிவு செய்யட்டும்.

சோளத்திலும் இப்படி ஒரு ஜீன் 2012-இல் அகப்பட்டது. துவர்க்கும் கதிரைக் குருவிகள் விரும்புவதில்லை என்பதால் ஆப்பிரிக்காவில் சில இடங்களில் அந்தச் சோளத்தையே விதைக்கிறார்கள். நெல்லிலோ ஆர்.சி. விழித்திருந்தால் விதை உறங்கும். மழையில் நனைந்தாலும் சட்டென முளைக்காது. வெள்ளையை விரும்பியபோது இந்தக் காவலையும் சேர்த்தே இழந்தோம் என்பது என் எண்ணம்.

கடையில் சொல்ல நேரமில்லாத ஒன்று உண்டு. அரிசியின் தோல் தாய்ப்பயிரின் உடம்பு. வெள்ளை நெல்லின் பூவில் சிவப்பு நெல்லின் மகரந்தம் விழுந்தாலும் அந்த மணி வெள்ளையாகவே விளையும். தந்தையின் சிவப்பு உள்ளே ஒளிந்திருக்கும். அதை விதைத்தால் கதிர் முழுதும் சிவப்பரிசி! ஆகவே விதை நெல்லை உரித்துப் பார்த்துக் கலப்பில்லை என்று சொல்லிவிட முடியாது. அடுத்த போகத்துக் கதிர் வரை காத்திருக்கத்தான் வேண்டும்.