எங்கள் வீட்டு எக்ஸ்.பி.

"அம்மா, இந்த டப்பாவை எடைக்குப் போட்டுடலாமா?"

தீபாவளிக்கு வீட்டை ஒழிக்கும்போதெல்லாம் என் பிள்ளை தவறாமல் கேட்கும் கேள்வி இது.

"போடலாம்டா. கூடவே என் எம்பிராய்டரி மிஷினையும் போட்டுடு. காலேஜ் ஃபீஸ் எதிலேர்ந்து வந்ததுன்னு உன் அக்காவையே கேளு" என்பேன். அதோடு வாயை மூடிக்கொள்வான்.

2012-ல் திருப்பூரில் ஒருவர் தொழிலை நிறுத்தினார். அவரிடமிருந்து மிஷினையும், அதோடு இருந்த கம்ப்யூட்டரையும் சேர்த்து இவர் வாங்கி வந்தார். ரவிக்கையில் மயில், மாங்காய், கொடி எல்லாம் போடும் மிஷின். கம்ப்யூட்டரில் டிசைன் வரைந்து, பென்டிரைவில் ஏற்றி, மிஷினில் செருக வேண்டும். கம்ப்யூட்டரில் இருந்தது 2001-ல் வந்த விண்டோஸ் எக்ஸ்.பி. பிளஸ் டூவோடு படிப்பை நிறுத்தியவள் நான். எக்ஸ்.பி. என்பது மிஷினின் மாடல் பெயர் என்றே ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்!

2014 ஏப்ரல் 8-ஆம் தேதியோடு எக்ஸ்.பி.க்கு ஆதரவை நிறுத்திவிட்டார்கள். எனக்கு அது தெரியவே தெரியாது. காலையில் சுவிட்சைப் போட்டால் ஓடியது. ஓடுகிற வரைக்கும் யார் கவலைப்படப் போகிறார்கள்?

2016 ஆவணியில் முகூர்த்த வேலை கழுத்து வரை இருந்தது. ஒரு கல்யாணப் பெண் டிசைன் படம் என்று கொடுத்த பென்டிரைவைச் செருகினேன். சற்று நேரத்தில் என் ஃபோல்டர்கள் எல்லாவற்றின் ஓரத்திலும் ஒரு குட்டி அம்புக்குறி! எதைத் திறந்தாலும் உள்ளே ஒன்றுமில்லை. நாலு வருஷ டிசைன்கள். கைகால் உதறிவிட்டது. பதினோரு ரவிக்கை பாக்கி. அட்வான்ஸ் பணம் ஏற்கெனவே கல்லூரிக்குப் போயாகிவிட்டது. அன்று ராத்திரி சோறு இறங்கவில்லை.

கம்ப்யூட்டர் படிக்கும் எதிர்வீட்டுத் தம்பியைக் கூப்பிட்டேன். "அழாதீங்கக்கா, எதுவும் அழியலை. வைரஸ் உங்க ஃபோல்டரை மறைச்சுட்டு, அதே பேருல போலி ஒண்ணு வச்சிருக்கு" என்றான். ஒரு மணி நேரத்தில் எல்லாவற்றையும் மீட்டுத் தந்தான். அவனுக்கு அன்று போட்ட பஜ்ஜிக்குக் கணக்கே இல்லை.

ஆதரவு என்றால் என்ன என்று அப்போதுதான் கேட்டுத் தெரிந்துகொண்டேன். புடவையில் புதிதாக ஒரு பொத்தல் தெரிந்தால் உடனே தைப்போம் அல்லவா? அதுபோல மாதம் ஒருமுறை கம்பெனி ஒட்டுப் போட்டு அனுப்பிக்கொண்டிருந்தது. அது நின்றுவிட்டால் பொத்தல் பொத்தலாகவே இருக்கும். புதிய விண்டோஸில் ஒரு பொத்தலை அடைத்ததும், பழையதிலும் அது இருக்குமா என்று திருடர்கள் தேடிப் பார்ப்பார்களாம்.

புதியதற்கு மாறலாமே என்பீர்கள். டிசைன் வரைகிற சாஃப்ட்வேருக்கு ஒரு சாவி உண்டு. கம்ப்யூட்டருக்குப் பின்னால், பிரிண்டர் ஒயர் மாட்டும் பெரிய துளையில் செருகி வைத்தால்தான் அது திறக்கும். புதுக் கம்ப்யூட்டர்களில் அந்தத் துளையே இல்லை. புது சாஃப்ட்வேரோ, நான் மிஷின் வாங்கிய விலையைத் தாண்டி நிற்கிறது!

அதனால் அன்றைக்கே இன்டர்நெட் ஒயரைப் பிடுங்கி எறிந்தேன். இன்று வரை மாட்டவில்லை. பாங்கி கணக்கு, கரண்ட் பில் எதுவும் அதில் கிடையாது. படம் என் போனுக்கு வரும். பிள்ளையின் லேப்டாப்பில் வைரஸ் சோதனை முடிந்த பிறகுதான் பென்டிரைவ் எக்ஸ்.பி.க்குள் நுழையும். செருகியதும் தானாகத் திறந்துகொள்ளும் வசதியையும் தம்பி நிறுத்திவிட்டான். ஹார்ட் டிஸ்க் முழுவதையும் அப்படியே இன்னொரு டிஸ்க்கில் நகல் எடுத்து, பீரோவில் நகைப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். டிசைன்களுக்கு மட்டும் மாதம் ஒரு நகல் தனி.

2017 மே மாதம், 'வான்னாக்ரை' என்ற வைரஸ் பல நாடுகளில் கம்ப்யூட்டர்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்டது. இங்கிலாந்தில் ஆஸ்பத்திரிகளே திண்டாடின. அப்போது ஆதரவு முடிந்து மூன்று வருஷமான எக்ஸ்.பி.க்கும் ஒரு ஒட்டு வெளியிட்டார்கள். அதைத் தம்பி பென்டிரைவில் கொண்டுவந்து போட்டான். ஒயர் இல்லாத வீட்டுக்கு இவ்வளவு கெடுபிடியா என்று இவர் சிரித்தார். சிரிக்கட்டும்.

மற்றதெல்லாம் வீட்டு வேலை மாதிரிதான். மாதம் ஒருநாள் பிளக்கைக் கழற்றிவிட்டு, பெயின்ட் பிரஷ்ஷால் தூசி தட்டுவேன். ஒருமுறை தேதி பல வருஷம் பின்னால் போய்விட்டது. காசு அளவில் உள்ளே இருக்கும் சி.ஆர். 2032 பேட்டரியை மாற்றியதும் சரியாகிவிட்டது. சாவியை நினைத்தால்தான் பயம். அதற்கு நகல் கிடையாது. அது உடைந்தால் அன்றோடு சரி. பெருக்கும்போதுகூட அந்தப் பக்கம் யாரையும் விடுவதில்லை.

போன தீபாவளிக்கு என் பிள்ளை எடைக்குப் போடும் பேச்சையே எடுக்கவில்லை. அதிசயமாக இருந்தது. சாயங்காலம் சிநேகிதன் வீட்டிலிருந்து தூசி படிந்த ஒரு பழைய டப்பாவைத் தூக்கிக்கொண்டு வந்தான்.

"அதே மாடல்ம்மா. ஏதாவது பார்ட் போச்சுன்னா இதிலேர்ந்து எடுத்துக்கலாம்."

இப்போது வீட்டை ஒழித்தால், துடைக்க வேண்டிய டப்பா இரண்டு!