சம்பளத்தைக் கேட்டு வாங்கிய ஒரு டீச்சர்



இன்றைக்குக் கொஞ்சம் நீளமான பதிவு. கை வேலையை முடித்துவிட்டு நிதானமாகப் படியுங்கள். இருநூறு வருடங்களுக்கு முன்பு பாரிஸில் பிறந்த ஒரு டீச்சரைப் பற்றிச் சொல்லப் போகிறேன். வகுப்பில் நான் சொல்லித் தந்த எந்தப் பாடப் புத்தகத்திலும் இவர் பெயர் கிடையாது.

2025 மார்ச்சில் நம் இளையராஜா லண்டனில் தன் சிம்பொனியை அரங்கேற்றினார் அல்லவா? அதிலிருந்து எனக்கும் சிம்பொனி கேட்கும் ஆசை வந்துவிட்டது. சாயங்காலம் காய் நறுக்கும்போது யூடியூபில் ஒன்றை ஓடவிடுவேன். மோட்சார்ட், பீத்தோவன் என்று கேட்டுக்கொண்டே போனதில் ஒரு பெண்ணின் பெயர் வந்தது: லூயிஸ் ஃபாரங்க், மூன்றாவது சிம்பொனி. ஓபோ என்ற குழல் மட்டும் தனியாக ஆரம்பிக்கிறது. நம் நாகஸ்வரம் போல அதுவும் சீவாளி வைத்து ஊதும் கருவிதான். பிறகு மற்ற கருவிகள் வந்து சேர்கின்றன. கத்தரிக்காயை அப்படியே வைத்துவிட்டுக் கேட்டேன். யார் இந்தம்மா என்று தேடிப் படிக்க ஆரம்பித்தேன்.

லூயிஸ் பிறந்தது 1804 மே 31. சிற்பிகள் குடும்பம். அப்பா சிற்பி, அண்ணன் ஒகுஸ்த் த்யூமோனும் சிற்பி. பெண்ணுக்கு வாய்த்தது பியானோ. பாரிஸ் இசைக் கல்லூரியில் இசை எழுதக் கற்றுத்தரும் வகுப்பில் அன்று பெண்களைச் சேர்க்க மாட்டார்கள். அதனால் 15 வயதில் அந்தக் கல்லூரி ஆசிரியர் அன்தோன் ரைகாவிடமே தனியாகப் பாடம் கற்றார். 1821இல் அரிஸ்தீத் ஃபாரங்க் என்ற புல்லாங்குழல் கலைஞரோடு கல்யாணம். பெண்ணுக்கு அப்போது 17 வயது. அந்த மனிதரைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொல்லியாக வேண்டும். இசைப் பதிப்பகம் ஆரம்பித்து, மனைவி எழுதிய இசையைத் தானே அச்சிட்டு வெளியிட்டார்.

முதலில் பியானோவுக்கு எழுதினார். 1836இல் ஜெர்மனியிலிருந்து ராபர்ட் ஷூமன் அவருடைய படைப்பு ஒன்றைப் பாராட்டி எழுதினார். 1834இலேயே முழு இசைக்குழுவுக்காக இரண்டு படைப்புகளை முடித்திருந்தார். 1840களில் மூன்று சிம்பொனிகள். ஆனால் அன்றைய பாரிஸில் பெயர் வாங்க வேண்டுமென்றால் ஓபரா எழுத வேண்டும். இவர் ஓபராப் பக்கமே போகவில்லை. சிம்பொனியை எழுதிவிட்டால் போதாது, அதை வாசிக்க ஒரு பெரிய குழு வேண்டும், அரங்கம் வேண்டும், பணம் வேண்டும். அவருடைய முதல் சிம்பொனி முதலில் ஒலித்தது சொந்த ஊரில் இல்லை, 1845இல் பிரஸ்ஸல்ஸில். நான் கேட்ட மூன்றாவது சிம்பொனி பாரிஸில் அரங்கேறியது 1849இல்.

இனிதான் நான் சொல்ல வந்த விஷயம்.

1842இல் தன்னைச் சேர்த்துக்கொள்ளாத அதே இசைக் கல்லூரியில் பியானோ பேராசிரியரானார். மாணவிகளுக்கான வகுப்பு. அவர் எழுதிய 30 பயிற்சிப் பாடங்களைக் கல்லூரியே பாடத்திட்டத்தில் சேர்த்துக்கொண்டது. ஆனால் சம்பளம் மட்டும் அதே வேலை செய்த ஆண் பேராசிரியர்களுக்குக் கொடுத்ததைவிடக் குறைவு. ஒரு வருடம், இரண்டு வருடம் இல்லை, எட்டு வருடம்.

1850இல் ஒன்பது கருவிகளுக்காக அவர் எழுதிய ‘நொனெட்’ அரங்கேறியது. வயலின், வியோலா, செல்லோ, டபுள் பாஸ், புல்லாங்குழல், ஓபோ, கிளாரினெட், பசூன், கொம்பு. வாசித்தவர்களில் ஒருவர் பின்னாளில் உலகப் புகழ் பெற்ற வயலின் கலைஞர் யோசஃப் யோவாகிம். அப்போது அவருக்கு 20 வயதுகூட ஆகவில்லை. நல்ல ஆசிரியர் வகுப்பில் எந்தப் பிள்ளையையும் விட்டுவிடாமல் எழுப்பிப் பேச வைப்பார் அல்லவா? அந்த மாதிரி ஒன்பது கருவிக்கும் முறை வருகிறது. நிகழ்ச்சி பெரும் வெற்றி.

அந்த வருடமே கல்லூரி இயக்குநர் ஒபேருக்குக் கடிதம் எழுதினார். இத்தனை வருடம் தான் போட்ட உழைப்பைச் சொல்லி, சக ஆண் பேராசிரியருக்குத் தருவதையே தனக்கும் தரவேண்டும் என்று கேட்டார். கிடைத்தது.

எனக்கு இந்த இடம் மனதில் தைத்துவிட்டது. ஆசிரியர் பயிற்சி முடித்து நான் முதலில் சேர்ந்தது ஒரு தனியார் பள்ளி. அதே ஐந்தாம் வகுப்பு, அதே பாடவேளை. பக்கத்து வகுப்பு சாருக்கு என்னைவிட அதிகச் சம்பளம். கேட்டதற்கு, “உங்களுக்குத்தான் வீட்டுக்காரர் சம்பாதிக்கிறாரே டீச்சர்” என்றார்கள். நாங்கள் மூன்று பேர் சேர்ந்து போய்த் திரும்பவும் கேட்டோம். அடுத்த வருடம் பாதி வித்தியாசம் குறைந்தது. மீதியைத் தராமலேயே இருந்துவிட்டார்கள். எனக்கு அரசுப் பணி கிடைத்து வந்துவிட்டேன்.

என் மாணவிகளில் எத்தனையோ பேர் இன்று தனியார் பள்ளிகளில் டீச்சர்கள். “கேட்டால் தப்பா நினைப்பாங்களோ டீச்சர்” என்று போனில் கேட்கிறீர்கள். செய்த வேலைக்குக் கூலி கேட்பதில் என்னம்மா தப்பு? நினைப்பவர்கள் நினைத்துக்கொள்ளட்டும்.

லூயிஸின் ஒரே மகள் விக்தோரின், 1826இல் பிறந்தவர். அம்மாவிடமே படித்து, 1844இல் அதே கல்லூரியில் பியானோவில் முதல் பரிசு வாங்கினார். பெரிய கலைஞராக வரவேண்டியவர். பல வருடம் நோயில் கிடந்து 1859 ஜனவரியில் இறந்துபோனார். 33 வயதுகூட நிறையவில்லை. அதற்குப் பிறகு அந்தத் தாய் புதிதாக இசை எழுதுவதை ஏறக்குறைய நிறுத்திவிட்டார்.

ஆனால் வகுப்பை நிறுத்தவில்லை. 1861இலிருந்து கணவரும் மனைவியுமாக முந்தைய மூன்று நூற்றாண்டுகளின் இசையைத் தேடித் தொகுத்து, பதிப்பிக்க ஆரம்பித்தார்கள். ‘பியானோ கலைஞர்களின் கருவூலம்’ என்று பெயர். கூப்பரின், ராமோ, ஸ்கார்லாட்டி என்று ஊர் மறந்துகொண்டிருந்தவர்களெல்லாம் அதில் வந்தார்கள். 1865இல் கணவரும் போய்ச் சேர்ந்தார். மிச்சத்தைத் தனியாளாகவே முடித்தார். மொத்தம் 23 பாகங்கள். அந்தப் பழைய இசையைத் தன் மாணவிகளை மேடையேற்றி வாசிக்கவும் வைத்தார். தன் பிள்ளை இல்லாத வீட்டில் உட்கார்ந்து, பிறர் பிள்ளைகள் படிப்பதற்காகப் புத்தகம் தொகுத்திருக்கிறார். இதை நினைத்தால் எனக்கு இப்போதும் தொண்டை அடைக்கிறது.

பிரெஞ்சுக் கலைக்கழகம் 1861லும் 1869லும் அவருக்குப் பரிசு கொடுத்துக் கௌரவித்தது. சுமார் 30 வருடம் பணி செய்து ஓய்வு பெற்றார். 1875 செப்டம்பர் 15இல் காலமானார். பிறகு நூறு வருடத்துக்கு மேல் அந்த இசையைத் தொட்டவர்கள் மிகக் குறைவு. பாரிஸில் பாஸ்தீய் சதுக்கத்து உயரமான தூணின் உச்சியில் தங்க நிறத்தில் ஒரு சிலை நிற்கிறது. அது அண்ணன் செய்தது. அண்ணன் வேலையைப் போகிற வருகிறவர்களெல்லாம் பார்த்தார்கள். தங்கை வேலை காகிதத்தில் கிடந்தது. இசையை யாராவது எடுத்து வாசித்தால்தானே உண்டு?

இப்போது வாசிக்கிறார்கள். லாரன்ஸ் எக்கில்பே என்ற பிரெஞ்சுப் பெண் நடத்தும் இன்சுலா இசைக்குழு அவருடைய சிம்பொனிகளைப் பதிவு செய்திருக்கிறது.

சரி, வீட்டுப்பாடம். முதலில் நொனெட்டைக் கேளுங்கள், அதுதான் சுலபம். அடுத்த வாரம் மூன்றாவது சிம்பொனி. ஒன்பது கருவிகளில் எதை அடையாளம் கண்டுபிடித்தீர்கள் என்று பின்னூட்டத்தில் எழுதுங்கள். பக்கத்தில் இருப்பவரைப் பார்த்து எழுதக் கூடாது.

அன்புடன்,
உங்கள் டீச்சர்