பழி போட ஒரு கீபோர்டு

எங்கள் சபையில் கொயர் மாஸ்டராக நின்ற காலத்தில், எனக்குத் தெரியாததற்கெல்லாம் அடுத்தவர்களைத் திட்டினேன். பாவ அறிக்கை சொல்லிப் பழகிய வாய்தான். ஆனாலும் இதைச் சொல்ல இத்தனை காலம் ஆகிவிட்டது.

நான்கு பார்ட்டுகளில் டெனரைத் தவிர வேறெதுவும் எனக்குப் பாட வராது. பழைய மாஸ்டர் மாற்றலாகிப் போனதும் கமிட்டியில் நானே கையைத் தூக்கினேன். கண்ணாடி முன் நின்று பழகினேன். நாலு எண்ணிக்கைக்குக் கீழே, இடம், வலம், மேலே. மூன்றுக்குக் கீழே, வலம், மேலே. வலது கை செய்வதையே இடது கையும் செய்தது. அந்தக் கை சத்தத்தைக் கூட்டவும் குறைக்கவும், ஆல்டோவுக்கு ‘இப்போது நீங்கள்’ என்று காட்டவும் இருக்கிறது என்பதே தெரியாது. பார்ப்பதற்கு அழகாக இருந்தது, அது போதும் என்று நினைத்தேன்.

சிறுவயதில் கொஞ்சம் வாய்ப்பாட்டு கற்றவன் நான். ஆதி தாளத்தில் தொடையில் தட்டு விழும்போதே அட்சரமும் விழும். கொயருக்கு முன்னால் நிற்பவனின் கை அதற்கும் முன்பே பேச வேண்டும். முதல் அடியில் பாட்டு தொடங்குகிறதென்றால் அதற்கு முந்தைய நாலாவது அடியில் கை மேலே எழ வேண்டும். அது எழும் வேகம்தான் பாட்டின் வேகம். எழும் அளவுதான் சத்தத்தின் அளவு. கையோடு சேர்ந்து குழு முழுவதும் மூச்சு இழுக்கும். நானோ மூச்சைப் பிடித்துக்கொண்டு சட்டென்று கையைக் கீழே இறக்குவேன். சொப்ரானோ ஒரு பக்கம், பேஸ் ஒரு பக்கம் என்று தொடக்கம் சிதறும். “கவனமே இல்லை உங்களுக்கு!” என்று கத்துவேன்.

கிறிஸ்துமஸ் கேரலுக்கு ஒரு டிரம்பெட்காரரை அழைத்தோம். ஜான் கர்வன் 19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் பரப்பிய டானிக் சால்ஃபாவில் வளர்ந்தவன் நான். அதில் ‘டோ’ எந்தச் சுருதியிலும் உட்காரும். வாத்தியத்துக்கு அப்படி முடியாது. பி ஃப்ளாட் டிரம்பெட்டுக்கு ஒரு முழுச் சுரம் உயர்த்தி எழுதித் தர வேண்டும். சொப்ரானோ வரியை அப்படியே யாரையோ வைத்து நகலெடுத்து அவர் கையில் கொடுத்தேன். வாசித்ததெல்லாம் ஒரு சுரம் கீழே ஒலித்தது. அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். “வீட்டில் பிராக்டிஸ் பண்ணிட்டு வாங்க” என்று எல்லார் முன்னாலும் சொல்லி அடக்கிவிட்டேன்.

இதைவிடப் பெரிய பாவம் கீபோர்டு வாசித்த தம்பிக்குச் செய்தது. அவன் ஓடுகிறான், பாட்டை இழுத்துக்கொண்டு போகிறான் என்று கமிட்டியில் புகார் சொன்னேன். அவனைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். அடுத்த வாரம் அவன் வரவில்லை.

ஈஸ்டருக்கு ஹேண்டலின் ‘மெசையா’விலிருந்து ‘அல்லேலூயா கோரஸ்’ எடுத்திருந்தோம். 1742இல் டப்ளினில் முதலில் அரங்கேறிய படைப்பு அது. கோரஸின் முடிவில், கடைசி அல்லேலூயாவுக்கு முன் எல்லாரும் சட்டென்று நிற்க வேண்டிய ஓர் இடைவெளி உண்டு. அங்கே கை நிற்பதைப் பார்த்துத்தான் குழு நிற்க முடியும். என் தலை புத்தகத்துக்குள் இருந்தது. கை பழக்கத்தில் ஆடிக்கொண்டே இருந்தது. பேஸ் வரிசையில் இரண்டு பேர் அந்த இடைவெளியில் முழுத் தொண்டையோடு ‘அல்லேலூயா’ என்றார்கள். பிள்ளைகள் சிரித்தார்கள்.

ஆராதனை முடிந்ததும் அந்த இருவரைப் பிடித்துக்கொண்டேன். ஆல்டோ பாடும் அக்கா ஒருவர் குறுக்கே வந்தார்: “அவங்களை ஏன் தம்பி திட்டுறே? நாங்க யாரும் உன் கையைப் பார்த்துப் பாடினதே இல்லையே. அந்தக் கீபோர்டு பையன் தலையை ஆட்டுவான், அதைப் பார்த்துத்தான் எடுப்போம், நிறுத்துவோம். நீதான் அவனை அனுப்பிட்டியே.”

பிரெஞ்சு அரசவை இசையமைப்பாளர் லுல்லி, 1687இல் தரையில் தடியைத் தட்டித் தாளம் காட்டும்போது தன் காலிலேயே குத்திக்கொண்டு, அந்தப் புண் அழுகி இறந்துபோனார். அவர் தடி அவர் காலில்தான் விழுந்தது. என்னுடையது எப்போதும் அடுத்தவர் காலில் விழுந்தது.

பிறகுதான் முறையாகக் கற்கப் போனேன். ஆசிரியர் முதலில் கையைக் கட்டிக்கொள்ளச் சொன்னார். நாலு பார்ட்டையும் தனித்தனியே பாடிக் காட்டிய பிறகே கையை அவிழ்க்க விட்டார். கொயருக்கு முன்னால் நிற்க ஆசைப்படுகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இதுதான்: நீங்களே பாடிப் பார்க்காத வரிக்காக யாரையும் திட்டாதீர்கள். தொடக்கம் சிதறினால் முதலில் உங்கள் கையைச் சந்தேகப்படுங்கள்.

அந்தத் தம்பி இப்போது வேறொரு சபையில் வாசிக்கிறான். அவனிடம் நான் இன்னும் மன்னிப்புக் கேட்கவில்லை. இதை எழுதிவிட்டதால் கேட்டதாக ஆகிவிடாது.