சீட்டு விழுந்த பின்

அதிர்ஷ்டம் என்னும் சொல் நம்மவரிடையே பெரிதும் வழங்குவதொன்று. கண்ணுக்குப் புலப்படாதது என்பதே அதன் பொருள். புலப்படாத ஒன்றை நம்பிக் கண்ணெதிரே நிற்கும் வாழ்வை ஒத்திவைப்பது தகுமா என்னும் கேள்வியை நேயர்கள் முன் வைக்க விரும்புகிறோம். ஐந்தாண்டுக் காலம் நம் குடும்பத்தின் நடுவே வந்து உட்கார்ந்திருந்த கேள்வி இது.

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் குடியேறுவதற்குக் குலுக்கல் முறையொன்று ஏற்பட்டிருப்பதை நேயர்களிற் பலர் கேள்வியுற்றிருப்பர். 1990-ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட சட்டத்தின்படி, 1995-ஆம் நிதியாண்டு தொட்டு அது நடத்தப்பட்டு வந்தது. ஆண்டொன்றுக்கு 55,000 விசாக்கள் என்பது சட்டம் வகுத்த அளவு. பின்னர் வந்த சட்டங்களால் அது 50,000 என்னும் அளவை ஒட்டிக் குறைந்தது. அந்நாட்டில் அதிகமாகக் குடியேறாத தேசத்தவர்க்கு வழி திறப்பதே இதன் நோக்கம். ஆதலின், முந்தைய ஐந்தாண்டுகளில் 50,000-க்கு மேற்பட்டோரை அனுப்பிய தேசத்தில் பிறந்தவர்க்கு இக்குலுக்கலில் இடமில்லை. இந்தியா அவ்வாறு விலக்கப்பட்ட தேசங்களுள் ஒன்று. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் பிறந்தவர்க்கோ இடமுண்டு.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனித்தல் வேண்டும். ஒருவர் எந்நாட்டுப் பிரஜை என்று அவ்விதி கேட்பதில்லை. எந்நாட்டு மண்ணில் பிறந்தார் என்றே கேட்கிறது. மலேசியக் கடப்பிதழை நாற்பதாண்டு கையில் வைத்திருப்பவராயினும், தஞ்சையிலோ திருச்சியிலோ பிறந்தவராயின் இந்தியாவின் கணக்கிலேயே எழுதப்படுவார். தானே தேர்ந்து கொள்ளாத பிறப்பிடம் ஒருவனுக்குத் தகுதியாவதும், அதே பிறப்பிடம் இன்னொருவனுக்குத் தடையாவதும் விந்தையே. ஆயினும் தோட்டத்தில் பிறந்து வளர்ந்த நமக்கு இவ்விந்தை புதியதன்று.

நம் அன்னையார் புதுக்கோட்டைச் சீமையிற் பிறந்தவர். 1937-இல், கங்காணி அழைத்து வந்த கூட்டத்தில், ஏழு வயதுச் சிறுமியாகப் பெற்றோரோடு பினாங்கில் வந்து இறங்கினார். அடுத்த ஆண்டே, 1938-இல், தோட்ட வேலைக்காக ஆட்களை உதவிப் பயணத்தில் மலாயாவுக்கு அனுப்புவதை இந்திய சர்க்கார் நிறுத்திவிட்டது. ஓராண்டு பிந்தியிருப்பின் அவர் இங்கு வந்திரார்; நாமும் இங்கே பிறந்திரோம். பேராக்கில் ஒரு தோட்டத்தில் பால்மரம் சீவியே அவர் எங்களை வளர்த்தார். குடியுரிமைக்கு எழுதிப் போட்டுவிட்டுச் சிவப்பு அடையாள அட்டையோடு பல ஆண்டு காத்திருந்தார். பதில் வரவில்லை. தந்தையார் மறைந்தபின், 1985-இல், “இனி எதற்குக் காத்திருப்பது?” என்று சொல்லிப் பிறந்த ஊருக்கே மீண்டுவிட்டார்.

1988-இல் நம் தமக்கையார் தலைப்பிரசவத்திற்காகத் தாய் வீடு சென்றார். தாய் வீடு அப்பொழுது புதுக்கோட்டைச் சீமையில் இருந்தமையால், அவர் மகன் அங்கே பிறந்தான். மூன்றாம் மாதம் குழந்தையோடு பேராக்கிற்குத் திரும்பினார். ஆக, மலேசியத் தாய்க்கும் மலேசியத் தந்தைக்கும் பிறந்து, மலேசியாவிலேயே வளர்ந்து, ஆறாம் படிவம் தேறி, தொழிற்சாலை ஒன்றில் இயந்திரம் பழுது பார்க்கும் உத்தியோகத்தில் இருந்த அவ்விளைஞனின் பிறப்பிடம் இந்தியா என்றாயிற்று.

2018-ஆம் ஆண்டு அக்டோபரில் அவன் இக்குலுக்கலுக்கு விண்ணப்பம் எழுத முனைந்தபோது, “மாமா, நான் இந்தியாவில் பிறந்தவனாயிற்றே, எனக்கு இடமில்லையா?” என்று நம்மிடம் கேட்டான். விதிகளை இருவரும் சேர்ந்து வாசித்தோம். பிள்ளை பிறந்த தேசத்தில் பெற்றோர் இருவருமே பிறவாமலும், அக்காலத்தில் அங்கே குடியிராமலும் இருந்தால், பெற்றோரில் ஒருவர் பிறந்த தேசத்தை அப்பிள்ளை தன் தேசமாகக் காட்டலாம் என்று ஒரு விலக்கு அங்கே இருந்தது. மணமானவராயின் மனைவியோ கணவனோ பிறந்த தேசத்தைக் காட்டவும் வழியுண்டு. தாய் வீட்டுப் பிரசவம் என்னும் நம் வழக்கத்தை அறியாத யாரோ ஒருவர் எழுதிய விதி, நம் வழக்கத்திற்கென்றே எழுதியது போல் அமைந்திருந்தது. கல்வித் தகுதியும் உண்டு. பன்னிரண்டாண்டுப் பள்ளிப் படிப்பு முடித்திருக்க வேண்டும். அன்றேல், ஈராண்டுப் பயிற்சியேனும் வேண்டும் தொழிலொன்றில், கடந்த ஐந்தாண்டுகளுக்குள் ஈராண்டு அனுபவம் பெற்றிருக்க வேண்டும். ஆறாம் படிவம் அவனுக்குக் கை கொடுத்தது.

அவ்வாண்டு உலகெங்கிலுமிருந்து வந்த விண்ணப்பங்கள் 1 கோடியே 40 லட்சத்துக்கும் மேல். 2019 மே மாதத்தில் தேர்வுற்றோர், குடும்பத்தாரையும் சேர்த்து, 80,000-க்கும் மேற்பட்டோர். அவர்களுள் நம் தமக்கையின் மகனும் ஒருவன்.

செய்தி அன்று மாலைக்குள் குடியிருப்பு முழுதும் பரவிற்று. தமக்கையார் வீடு வீடாக இனிப்பு வழங்கினார். “அமெரிக்காக்காரர்” என்று சிறுவர்கள் அவனை அழைக்கத் தொடங்கினர். தம் மகனையும் அங்கே அழைத்துக்கொள்ள வேண்டுமென்று முன்பதிவு செய்தவர் இருவர். நிச்சயமாகியிருந்த பெண்ணின் வீட்டாரோ, திருமணத்தைத் தள்ளிவைத்து, அவன் போய் நிலைத்தபின் நடத்தலாமா என்று கேட்டு ஆள் அனுப்பினர். அவனும் உத்தியோகத்தை விட்டுவிட எண்ணி, ராஜிநாமாக் கடிதம் எழுதிச் சட்டைப் பையில் வைத்திருந்தான்.

நாம் அவனை உட்கார வைத்து விதிகளின் மிச்சப் பகுதியையும் வாசிக்கச் சொன்னோம். நாலு நம்பர் அடித்தவன் சீட்டைக் காட்டிப் பணத்தை வாங்கி வருகிறான். இக்குலுக்கலில் பெயர் விழுந்தவனுக்குக் கிடைப்பதோ வரிசையில் நிற்க ஓர் எண் மட்டுமே. கொடுப்பதற்குள்ள விசாக்களைவிட மிகுதியான பேரை அவர்கள் தேர்ந்தெடுக்கின்றனர். சிலர் விலகுவர், சிலர் தகுதியிழப்பர் என்பது அவர்கள் கணக்கு. எந்த ஒரு தேசத்தவர்க்கும் மொத்தத்தில் 7 விழுக்காட்டுக்கு மேல் கிடையாது. எந்த எண் வரையில் நேர்காணல் என்பதை மாதந்தோறும் வெளியிடுவர். சிறிய எண் முந்தும். பெரிய எண் பிந்தும். அனைத்துக்கும் மேலாக, அந்த நிதியாண்டின் கடைசி நாளாகிய செப்டம்பர் 30-ஆம் தேதிக்குள் விசா கைக்கு வந்திருக்க வேண்டும். அந்நள்ளிரவு கடந்தால் எண் செத்த எண். அடுத்த ஆண்டுக்கு அது செல்லாது.

ஆகவே, ராஜிநாமாக் கடிதத்தைக் கிழித்துப் போடு என்றோம். திருமணத்தைக் குறித்த நாளில் நடத்து என்றோம். விண்ணப்பித்தபின் மணந்த மனைவிக்கும் உடன் செல்லும் உரிமையுண்டு. விண்ணப்பிக்கும்போது உள்ள மனைவியையோ பிள்ளையையோ எழுதாமல் மறைப்பதே தகுதியைக் கெடுக்கும். அவன் சிறிது முகம் வாடினான், எனினும் கேட்டான். 2020 பிப்ரவரியில் திருமணம் நடந்தேறியது.

இதற்கிடையே பத்திரங்கள் திரட்டும் வேலை நடந்தது. இந்தியாவில் தமக்கையார் விருந்தினராகவே இருந்தார் என்பதை மெய்ப்பிக்க வேண்டும். அதற்கு 1988-ஆம் ஆண்டுக் கடப்பிதழ் வேண்டும். பழைய பிஸ்கட் தகரத்தின் அடியில், போன நாளும் வந்த நாளும் முத்திரையிட்ட அக்கடப்பிதழ் கிடைத்தபோது தமக்கையார் கண்ணீர் விட்டார். அடுத்து வந்தது வேறொரு தொல்லை. அவருடைய பிறப்புப் பத்திரத்தில், தோட்டத்துக் கிராணி தம் காதில் விழுந்தபடி எழுதிய பெயர் ஒன்று. அடையாள அட்டையில் வேறொன்று. இரு பெயரும் ஒருவரே என்று சத்தியப் பிரமாணம் செய்து பத்திரம் வாங்க வேண்டியதாயிற்று. அறுபது வயதைக் கடந்த அம்மாதரசி, “என் பெயரை எவரும் ஒழுங்காக எழுதவே இல்லையே, தம்பி” என்று நம்மிடம் சொன்ன சொல் இன்னும் நம் செவியில் இருக்கிறது. அதன்பின் போலீசாரிடம் நன்னடத்தைச் சான்று, மருத்துவப் பரிசோதனைக்கான ஏற்பாடு, நேர்காணலின்போது ஆளுக்கு 330 டாலர் கட்டணம் என்று பட்டியல் நீண்டது. விசா மறுக்கப்பட்டாலும் அக்கட்டணம் திரும்பாது.

எல்லாம் ஆயத்தமாயின. அவனுடைய எண் பெரிய எண். அவ்வாண்டின் கோடைக்குள் முறை வருமென்று எதிர்பார்த்திருந்தோம். 2020 மார்ச்சில் கொள்ளை நோய் உலகைக் கவ்வியது. இங்கே நடமாட்டக் கட்டுப்பாடு வந்தது. அமெரிக்கத் தூதரகங்கள் உலகெங்கும் வழக்கமான விசாப் பணியை நிறுத்தின. ஏப்ரல் 22-இல் குடியேற்ற விசாக்களை 60 நாளைக்கு நிறுத்தும் ஆணை பிறந்தது. ஜூன் 22-இல் அது ஆண்டு முடிவு வரை நீட்டப்பட்டது. செப்டம்பர் 30-ஐ நினைந்தால், இதன் பொருள் என்னவென்று நேயர்களே அறிவர்.

தேர்வுற்றோர் பலர் வாஷிங்டன் நீதிமன்றத்தை அடைந்தனர். செப்டம்பர் 4-ஆம் தேதி, விசாப் பணியைத் தொடங்குமாறு நீதிபதி ஆணையிட்டார். எஞ்சிய நாட்களோ இருபத்தாறு. கடைசி நாளன்று, கால எல்லை கடந்த பின்னரும் கொடுப்பதற்காக 9,095 விசாக்களை ஒதுக்கி வைக்கும்படி உத்தரவாயிற்று. அணைந்த விளக்கில் மீண்டும் ஒரு பொறி தெரிந்தது. காத்திருத்தலுக்கு இரண்டாம் பாகம் தொடங்கிற்று. 2021 ஆகஸ்டில் தீர்ப்பு சாதகமாக வந்தது. அரசாங்கம் மேல்முறையீடு செய்தது. 2024 ஜூன் 25-ஆம் தேதி மேல்நீதிமன்றம் தன் முடிவைச் சொல்லிற்று. சட்டம் வகுத்த ஆண்டு முடிந்தபின் அவ்விசாக்களைக் கொடுக்கும்படி ஆணையிடும் அதிகாரம் நீதிமன்றத்துக்கு இல்லை என்பதே அம்முடிவு.

பெயர் விழுந்த நாள் தொட்டு ஐந்தாண்டும் ஒரு மாதமும் கழிந்திருந்தன. ராஜிநாமாக் கடிதத்தை அன்று அவன் கொடுத்திருந்தால் அவ்வைந்தாண்டும் எப்படிக் கழிந்திருக்கும் என்று எண்ணவே நெஞ்சு நடுங்குகிறது. கொள்ளை நோயின்போது அவன் உத்தியோகமே இரு குடும்பங்களுக்குச் சோறு போட்டது. 2021-இல் அவனுக்கு ஒரு பெண் மகவு பிறந்தது. தீர்ப்பு வந்த ஆண்டில் அவன் தொழிற்சாலையில் மேற்பார்வையாளனாக உயர்ந்திருந்தான். “வருத்தமா?” என்று கேட்டோம். “வருத்தந்தான் மாமா; ஆனால் நட்டமில்லை” என்றான்.

அவனைப் போலன்றி நட்டமடைந்தோர் உலகில் அநேகர். 2011 மே மாதத்தில், சுமார் 22,000 பேருக்குப் பெயர் விழுந்ததாக அறிவித்துவிட்டு, கணிப்பொறிப் பிழையால் குலுக்கல் நேர்மையாக நடைபெறவில்லை என்று கண்டு, சில நாட்களுக்குள் முழுவதையும் ரத்து செய்தனர். பதிவு தொடங்கிய முதல் இரு நாட்களில் விண்ணப்பித்தவர்களையே அவ்வியந்திரம் பெரும்பாலும் பொறுக்கியெடுத்திருந்ததாம். பாதிக்கப்பட்டோர் வழக்குத் தொடுத்தும் பயனில்லை. ஜூலையில் புதிய முடிவு வெளிவந்தது. 2025 டிசம்பரிலோ அத்திட்டத்தையே நிறுத்தி வைப்பதாக அந்நாட்டு அரசாங்கம் அறிவித்தது. ஒருவர் திறந்த கதவை அவரே அடைக்கவும் கூடும் என்பதற்கு இவை சான்றுகள்.

இதனால், முயல வேண்டாம் என்று நாம் சொல்வதாக எவரும் கொள்ளற்க. கடல் கடந்தவர்களின் பிள்ளைகள் நாம். மற்றொரு கடல் கடக்க விரும்புவோரைத் தடுக்க நமக்கு நாவெழாது. இக்கதவாயினும் வேறு கதவாயினும், திறந்திருக்கும்போது தட்டுக. உள்ளதை உள்ளபடியே எழுதுக. உன் பெயரை விழச் செய்கிறேன் என்று பணம் கேட்கும் தரகனை வாசற்படி ஏற விடாதீர். குலுக்கலில் பெயரை விழச் செய்யும் வல்லமை எந்தத் தரகனுக்கும் இல்லை. பிறப்புப் பத்திரங்களிற் பிழையிருப்பின், விசா வேண்டாதவரும் இன்றே திருத்திக் கொள்க. விசா கையில் வரும்வரை உத்தியோகத்தை விடற்க, வீட்டை விற்கற்க, பெண்ணின் திருமணத்தையும் பிள்ளையின் படிப்பையும் தள்ளிப் போடற்க.

நம் அன்னையார் இங்கே நீலநிற அட்டைக்காகக் காத்திருந்த ஆண்டுகளில், நான்கு மக்களை வளர்த்தார். நாளும் விடியுமுன் நெற்றி விளக்கோடு மரம் சீவினார். இரவில் அண்டை வீட்டுப் பிள்ளைகளுக்கும் சேர்த்துக் கதை சொன்னார். அட்டை வரவில்லை என்பதால் அவ்வாண்டுகள் வாழாத ஆண்டுகளாகிவிடவில்லை. பிறர் கையிலுள்ள முத்திரை விழுந்தாலும் விழாவிட்டாலும், காத்திருக்கும் நாட்கள் நம்முடைய ஆயுளின் நாட்களே. காத்திருப்போர் இதை மறவாதிருக்க வேண்டுமென்பதே நம் வேண்டுகோள்.